எஸ்டேட் ஜீப்புக்கு எந்த ஃபோர் வீல்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளைப் பற்றி உங்கள் நாளிதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். டீசல் இன்ஜின் மாற்றிய ஜீப், பிக்கப் எல்லாவற்றுக்கும் நாலு சக்கரத்துக்கும் எப்போதும் சக்தியைப் பிரித்துத் தரும் ஃபுல் டைம் ஃபோர் வீல் பெட்டியைப் பொருத்திவிட்டால் மழைக்காலத்தில் மலைப்பாதை பத்திரமாகிவிடும் என்பது அவர் யோசனை. அக்கறையோடு எழுதியதுதான், சந்தேகமில்லை. ஆனால் அதை நம்பி ஓனர்கள் பெட்டியை மாற்றக் கிளம்பினால் ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் ஸ்டீயரிங் உதறும், பணமும் போகும். எங்களைப் போன்ற பட்டறைகளுக்கு வேலை வரும் என்பது உண்மைதான். இருந்தாலும் சொல்லாமல் விட முடியவில்லை.

போடி, கம்பம், குமுளி, பூப்பாறை, நெடுங்கண்டம் பக்கம் ஓடும் பழைய ஜீப்புகளில் பெரும்பாலானவை அமெரிக்க வில்லிஸ் ஜீப்பின் வம்சம். 1940-களின் கடைசியில் பம்பாயில் மஹிந்திரா பூட்டத் தொடங்கிய அதே அமைப்புதான் பின்னால் வந்த மாடல்களிலும் நீண்ட காலம் தொடர்ந்தது. பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு டீசல் ஏற்றினாலும், கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் டிரான்ஸ்ஃபர் பெட்டி பார்ட் டைம் பெட்டிதான். லிவரைப் போட்டால் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் பல்லோடு பல் பூட்டிக்கொண்டு ஒரே வேகத்தில் சுற்றும். எடுத்தால் பின் சக்கரம் மட்டும் இழுக்கும். இரண்டுக்கும் நடுவே வேக வித்தியாசத்தை விழுங்க எதுவும் கிடையாது. ஃபுல் டைம் பெட்டியில் அந்த இடத்தில் ஒரு டிஃபரன்ஷியல் உட்கார்ந்திருக்கும். பின் ஆக்ஸில் கூண்டுக்குள் இடது, வலது சக்கரங்களுக்கு நடுவே இருக்கும் அதே வேலையை இது முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவே பார்க்கிறது. மற்ற எல்லா வித்தியாசமும் இந்த ஒன்றிலிருந்து பிறப்பதுதான்.

வளைவில் முன் சக்கரங்கள் எப்போதும் பின் சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் போகும். 2.3 மீட்டர் வீல் பேஸ் உள்ள ஜீப் ஒரு கொண்டை ஊசியைத் திரும்புகிறது, பின் ஆக்ஸிலின் நடு 6 மீட்டர் ஆரத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன் ஆக்ஸிலின் நடு ஏறக்குறைய 6.43 மீட்டர் ஆரத்தில் போகும். அரைவட்டம் முடியும்போது பின் ஆக்ஸில் 18.85 மீட்டர் ஓடியிருக்கும், முன் ஆக்ஸில் 20.2 மீட்டர். ஒரே வளைவில் 1.3 மீட்டருக்கு மேல் வித்தியாசம். 16 அங்குல வீலில் சாதாரண ஜீப் டயர் ஒரு சுற்றுக்கு 2.2 மீட்டர் போகும் என்றால், முன் சக்கரம் அரைச் சுற்றுக்கு மேல் கூடுதலாகச் சுற்றியாக வேண்டும். 5.38 ரேஷியோ உள்ள கிரவுன் பினியனில் (ஷாஃப்ட் 5.38 சுற்று சுற்றினால் சக்கரத்தை ஒரு சுற்று சுற்றும் ஆக்ஸில் பல்லில்) அது ஷாஃப்டுக்கு மூன்று சுற்றுக்கு மேல். பார்ட் டைம் லிவரைப் போட்டிருந்தால் அந்த மூன்று சுற்றுக்குப் போக வழி இல்லை. மண் ரோட்டில் டயர் கொஞ்சம் வழுக்கிக் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் டயர் விடாது. ஷாஃப்ட், அதன் முனையில் மடங்கும் மூட்டான கிராஸ், பல், ஆக்ஸில் எல்லாம் முறுக்கேறிக்கொண்டே போகும்.

போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். இடது ஒன்று, வலது ஒன்று என்று மாறி மாறி வருவதால் முறுக்கு ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும் என்று சில டிரைவர்கள் சொல்வார்கள். கழியாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் முன் ஆக்ஸிலுக்குத்தான் தூரம் கூடுதல், அதனால் கூடிக்கொண்டே போகும். மலை ஏறி முடிப்பதற்குள் 20 மீட்டருக்கு மேல் வித்தியாசம் சேர்கிறது. அத்தனையும் டயர் தேய்மானமாகவோ பல் உடைசலாகவோ எங்காவது வெளியே வந்தே தீரும். ஸ்டீயரிங் கனத்துப்போவது, வளைவில் டயர் கிறீச்சிடுவது, லிவர் டூ வீலுக்குத் திரும்ப மறுப்பது எல்லாம் இதன் அறிகுறிதான். லிவர் இறுகிவிட்டால் சுத்தியலை எடுக்க வேண்டாம். ஸ்டீயரிங்கை நேராக வைத்துப் பத்து மீட்டர் ரிவர்ஸ் போங்கள், அல்லது ஒரு பக்கச் சக்கரங்களை மண் ஓரத்தில் இறக்கி மெதுவாக ஓட்டுங்கள். முறுக்கு இளகியதும் லிவர் தானாக வரும்.

இதுவரை சொன்னதெல்லாம் ஃபுல் டைமுக்குச் சாதகமான வாதம் போலத்தான் இருக்கும். வாசகர் எழுதியதும் இந்த அளவோடுதான். அவர் பார்க்காத இடம் முன் ஆக்ஸில்.

பழைய ஜீப்பின் முன் ஆக்ஸிலில், சக்கரம் திரும்பும் முட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் ஒற்றைக் கிராஸ் ஜாயிண்ட். நேராக ஓடும்போது சரியாகவே சுற்றும். ஆனால் சக்கரத்தை ஒடித்தவுடன் அதன் வேகம் சீராக இராது. ஆக்ஸில் ஒரே வேகத்தில் சுற்றினாலும் சக்கரம் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். 30 டிகிரி ஒடித்த நிலையில் இந்த ஏற்ற இறக்கம் சராசரிக்கு மேலே 15 சதவீதம், கீழே 13 சதவீதம் அளவுக்குப் போகும். சேற்றில் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் இது டிரைவரின் கைக்குத் தெரியாது. தார் ரோட்டில், லோடோடு, எப்போதும் முன் ஆக்ஸிலுக்குச் சக்தி போய்க்கொண்டே இருந்தால், கொண்டை ஊசிக்குக் கொண்டை ஊசி ஸ்டீயரிங் கையில் துடிக்கும். ஃபுல் டைம் வண்டிகளின் முன் ஆக்ஸிலில் இதற்காகத்தான், ஒடித்தாலும் சீரான வேகத்தில் சுற்றும் சி.வி. ஜாயிண்ட் வைக்கிறார்கள். லேண்ட் ரோவரின் பழைய சீரீஸ் வண்டிகள் பார்ட் டைம். 1983-ல் ஒன் டென் வந்தபோது எல்.டி. 230 என்ற ஃபுல் டைம் பெட்டியோடு வந்தது, கூடவே முன் ஆக்ஸிலில் சி.வி. ஜாயிண்டும் வந்தது. பெட்டியை மட்டும் தூக்கி வந்து ஜீப்பில் பொருத்தினால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். மீதிக்கு முன் ஆக்ஸிலையே மாற்ற வேண்டும். அதையும் செய்த பிறகு ஆகும் மொத்தச் செலவுக்கு, கம்பெனியிலிருந்தே டீசலும் ஃபோர் வீலுமாக வந்த பழைய வண்டி ஒன்றை வாங்கிவிடலாம்.

இன்னொரு விஷயம். நடு டிஃபரன்ஷியல் உள்ள பெட்டி தாராளமானது, ஆனால் பிடிப்பில்லாத சக்கரத்துக்கும் அதே தாராளம்தான். ஒரே ஒரு சக்கரம் சேற்றில் சும்மா சுற்றினால் சக்தி முழுக்க அதன் வழியே போய்விடும், மற்ற மூன்றும் வேடிக்கை பார்க்கும். இதற்காகத்தான் எல்.டி. 230-ல் நடு டிஃபரன்ஷியலைப் பூட்ட ஒரு லிவர் இருக்கிறது. பூட்டிய பிறகு அது பார்ட் டைம் பெட்டியேதான். சேற்றில் மாட்டிச் சக்கரம் சுழலும்போது பூட்டினால் பல் போகும். சேற்றில் இறங்குவதற்கு முன்பே பூட்ட வேண்டும், தாருக்கு ஏறியதும் எடுக்க வேண்டும். ஆக ஃபுல் டைமிலும் டிரைவர் லிவரைக் கவனித்துத்தான் ஆக வேண்டும். கவனிக்கத் தேவையில்லை என்ற நினைப்பில் விற்பதும் வாங்குவதும்தான் ஆபத்து.

டீசல் மாற்றுவதால் இந்தக் கணக்கில் என்ன மாறுகிறது என்று கேட்டால், நிறைய மாறுகிறது. சிறிய டீசல் போட்டால் முறுக்கு விசை பழைய பெட்ரோல் இன்ஜினைவிடப் பெரிதாகக் கூடுவதில்லை. டர்போ வைத்த இன்ஜின் ஏற்றும்போதுதான் வினை. மூன்று கியர் பழைய பாக்ஸில் முதல் கியர் ஏறக்குறைய 2.8, டிரான்ஸ்ஃபர் பெட்டியின் லோ (வேகம் குறைத்து இழுப்பைக் கூட்டும் பல்) 2.46, கிரவுன் 5.38. மூன்றையும் பெருக்கினால் 37. இன்ஜின் 25 கிலோகிராம்-மீட்டர் முறுக்கு தந்தால் சக்கரப் பக்கம் 900-க்கு மேல் வந்து நிற்கும். அந்தப் பெட்டியும் ஆக்ஸிலும் இதற்காகச் செய்தவை அல்ல. டீசலில் அந்த விசை குறைந்த ஆர்.பி.எம்.மிலேயே வந்துவிடுவதால், கிளட்சை வெடுக்கென்று விட்டால் அடி முழுவதும் பல்லில்தான் விழும். இடைப்பல் சுற்றும் குறுக்கு ஷாஃப்டும் அதன் நீடில் பேரிங்கும் முதலில் தேயும். அடியில் ஆயில் கசிவு, லோவில் ஊளை, ஆக்ஸிலரேட்டரை விட்டதும் லோ தானாகக் கழன்றுகொள்வது என்று வரிசையாக வரும்.

ரேஷியோவுக்கு வருவோம். எங்களைக் கேட்டால் இந்தக் கடிதத்தில் இதுதான் முக்கியமான இடம். பெட்ரோல் வண்டிக்கு 5.38 பொருந்தும். டீசல் போட்டதும் சம ரோட்டில் இன்ஜின் கத்துகிறது, வேகம் வரவில்லை என்று ஓனர் சொல்வார். மேஸ்திரி பழைய இரும்புக் கடையிலிருந்து 4.88 கூண்டு ஒன்றைக் கொண்டுவந்து பின்னால் போடுவார். வண்டி தார் ரோட்டில் நன்றாக ஓடும், எல்லோருக்கும் சந்தோஷம். முன் ஆக்ஸிலில் 5.38 அப்படியே இருக்கும். முதல் மழைக்கு லிவரைப் போடும்போது முன் சக்கரம் ஒரு வேகம், பின் சக்கரம் ஒரு வேகம், பத்து சதவீத வித்தியாசம். எட்டு வைக்கும் அளவு ஒத்துப்போகாத இரண்டு மாடுகளை ஒரே நுகத்தில் பூட்டிய கதைதான். ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய நூறு மீட்டர் ஏதோ ஒரு டயர் வழுக்கியே ஆக வேண்டும். சேற்றில் வண்டி போகத்தான் செய்யும், ஆனால் ஸ்டீயரிங் சொன்ன பேச்சைக் கேட்காது. நேராக வைத்திருந்தாலும் தார் ரோட்டில் ஏதாவது ஒன்று சீக்கிரமே உடையலாம். ஃபோர் வீல் போட்டாலே உடையுது, பார்ட் டைம் சரியில்லை என்ற பேச்சுக்குப் பின்னால் பல நேரம் இருப்பது இந்த ரேஷியோ கோளாறுதான்.

இதைக் கண்டுபிடிக்கக் கூண்டைப் பிரிக்க வேண்டியதில்லை. முதலில் மற்ற ஆக்ஸிலின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். பிறகு பார்க்கிற ஆக்ஸிலின் இரண்டு சக்கரங்களையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கியர், டிரான்ஸ்ஃபர் இரண்டும் நியூட்ரலில் இருக்கட்டும். ஹேண்ட் பிரேக் ஷாஃப்டைப் பிடிக்கும் வண்டியானால் அதையும் விட்டிருக்க வேண்டும். ஷாஃப்டில் ஒரு சுண்ணாம்புக் கோடு, கூண்டில் அதற்கு நேராக ஒரு கோடு. ஒரு சக்கரத்தை ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ள, மற்றொன்றைச் சரியாக இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். ஷாஃப்ட் ஐந்து சுற்றும் ஒரு சுற்றின் எட்டில் மூன்று பங்கும் சுற்றினால் 5.38. ஐந்து சுற்றுக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றால் 4.88. நாலே கால் சுற்றைச் சற்றுத் தாண்டினால் 4.27. முன் ஆக்ஸிலில் செய்யும்போது, சக்கரத்தை ஆக்ஸிலோடு பூட்டவும் விடவும் உதவும் ஹப் லாக்கில் இருக்க வேண்டும், இல்லையென்றால் சக்கரம் மட்டும் சுற்றும், ஷாஃப்ட் அசையாது. கூண்டில் அடித்திருக்கும் தகட்டை நம்பாதீர்கள். தகடு ஒரு வண்டியிலிருந்தும் உள்ளே இருக்கும் பல் இன்னொரு வண்டியிலிருந்தும் வந்திருக்கலாம். இரண்டு ஆக்ஸிலுக்கும் ஒரே எண் வரவில்லையென்றால், ஃபுல் டைம் பற்றிப் பேசுவதற்கு முன் அதைச் சரி செய்யுங்கள். ரேஷியோ மாற்றுவதானால் முன்னும் பின்னும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். செலவு இரட்டிப்புதான், வேறு வழியில்லை. ரேஷியோ ஒத்துப்போகாத வண்டியில் நடு டிஃபரன்ஷியல் வைத்தாலும், நேர் ரோட்டில்கூட அது ஓயாமல் சுற்றித் தேய்ந்துவிடும்.

டயரும் இதே கணக்கில் வருகிறது. எஸ்டேட் வண்டிகளில் பின்னால் ரீட்ரெட், முன்னால் புதுசு என்று போடுவது வழக்கம். பட்டன் (டயரின் மேல் கட்டை) 6 மில்லிமீட்டர் தேய்ந்த டயருக்கும் புதியதற்கும், 350 மில்லிமீட்டர் ஆரத்தில் 1.7 சதவீத வித்தியாசம். லிவர் போட்டு 10 கிலோமீட்டர் போனால் 170 மீட்டர். மண் ரோட்டில் தாங்கும், ஈரக் காங்கிரீட்டில் கிராஸைத் தின்னும். லோடு ஏற்றிய வண்டியில், சரியான காற்றோடு, ஒவ்வொரு டயரிலும் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பத்து சுற்று உருட்டி டேப்பால் அளந்து பாருங்கள். முன்னும் பின்னும் ஒரு சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. ரீட்ரெட் போடுவதானால் நாலுக்கும் ஒரே நேரத்தில், ஒரே அச்சில் போடுவது நல்லது.

டீசல் இன்ஜின் கனம் அதிகம். முன் பட்டை (ஸ்பிரிங்) தாழ்ந்தால் முன் ஷாஃப்டின் கோணம் மாறும். ஷாஃப்டின் இரண்டு முனைக் கோணங்களும் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய ஒரு டிகிரிக்குள் ஒத்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஃபோர் வீலில் ஒரு அதிர்வு வரும். அதிர்வு பெட்டியிலிருந்து வருகிறது என்று நினைத்துப் பெட்டியைப் பிரித்தவர்கள் உண்டு. முன் பட்டையில் ஒரு தகடு கூட்டினால் தீர்கிற விஷயம் அது. பெட்ரோல் கியர்பாக்ஸோடு டீசலைச் சேர்க்கும் அடாப்டர் தகடும் மையம் தவறக் கூடாது. நுண்ணிய விலகலை அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பார்த்தால் 0.13 மில்லிமீட்டருக்குள் ஓட வேண்டும். தவறினால் பைலட் பேரிங், அடுத்து கியர்பாக்ஸின் முன் பேரிங், அடுத்து கியர் கழல்வது என்று போகும். பல பட்டறைகளில் டயல் கேஜே இல்லை என்பதை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும்.

அடுத்தது வேக்குவம், அதாவது காற்றை உறிஞ்சும் இழுப்பு. பெட்ரோல் இன்ஜின் தன் மேனிஃபோல்டில் வேக்குவம் தரும், டீசல் தராது. பிரேக் பூஸ்டருக்கு ஆல்டர்னேட்டரோடு வேக்குவம் பம்ப் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சில வண்டிகளில் முன் ஹப்பைப் பூட்டுவதும், சில ஃபுல் டைம் வண்டிகளில் நடு டிஃபரன்ஷியலைப் பூட்டுவதும் வேக்குவம்தான். அமெரிக்க ஜீப்புகளில் 1973-ல் வந்த குவாட்ரா-டிராக் என்ற ஃபுல் டைம் பெட்டியின் அவசரப் பூட்டு அப்படிப்பட்டது. டீசல் மாற்றும்போது அந்தக் குழாயை அடைத்துவிட்டு விட்டுவிட்டால், ஸ்விட்சைப் போட்டாலும் உள்ளே எதுவும் பூட்டாது. சேற்றில் மாட்டிய பிறகுதான் தெரியவரும். பம்பிலிருந்து ஒரு கிளை எடுத்து, நடுவே ஒரு வழி வால்வு வைத்து இணைத்தால் போதும். ஆனால் பிரேக்குக்குப் போகும் வழி தனியாக, முதலாவதாக இருக்க வேண்டும். ஹப் குழாயில் ஓட்டை விழுந்தால் பிரேக் போகக் கூடாது அல்லவா.

ஃபுல் டைம் வண்டியில் டீசல் மிச்சப்படுத்த ஃப்ரீ வீல் ஹப் போடும் ஆசையும் சிலருக்கு உண்டு. பழைய அமெரிக்க லாரிகளில் வந்த என்.பி. 203 பெட்டிக்கு, நடு டிஃபரன்ஷியலை நீக்கிப் பார்ட் டைம் ஆக்கும் மாற்றுப் பாகத் தொகுப்பு (கிட்) தனியாகவே விற்கப்பட்டது. கிட் இல்லாமல் ஹப்பை மட்டும் மாற்றி ஃப்ரீயில் வைத்தால், நடு டிஃபரன்ஷியல் சக்தியை முழுக்க முன் ஷாஃப்டுக்கு அனுப்பும், முன் ஷாஃப்ட் சும்மா சுற்றும், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். நடுப் பூட்டைப் போட்டே ஓட்ட வேண்டியிருக்கும். அப்புறம் அந்தப் பெட்டி எதற்கு?

ஃபுல் டைம் உண்மையிலேயே ஜெயிக்கும் இடம் ஒன்று இருக்கிறது, அதை மறைக்க விருப்பமில்லை. சூரியநெல்லி, சாந்தன்பாறைப் பக்கத்து எஸ்டேட் உள் ரோடுகளில் தார், காங்கிரீட், மண், பாறை எல்லாம் நூறு மீட்டருக்கு ஒன்றாக மாறும். செங்குத்தான காங்கிரீட் ஏற்றத்தில் பாசி படிந்திருக்கும், அதே ஏற்றத்தின் நடுவிலேயே வளைவு வரும். பார்ட் டைமில் டூ வீலில் ஏறினால் பின் சக்கரம் வழுக்கும், லிவரைப் போட்டால் வளைவில் இறுகும். அங்கே நடு டிஃபரன்ஷியலும் சி.வி. ஜாயிண்டும் உள்ள வண்டி சுகமாகப் போகும். நாள் முழுக்க இப்படிப்பட்ட பாதையில் ஓடும் வண்டிக்கு ஃபுல் டைமாகவே பிறந்த வண்டியை வாங்குங்கள் என்றுதான் நாங்களும் சொல்வோம். பழைய ஜீப்பில் ஒட்டுப்போட வேண்டாம்.

பார்ட் டைம் வண்டியில் அதே ஏற்றத்தை ஏற வழி உண்டு. ஏற்றத்துக்கு முன் நின்று, ஹப்பைப் பூட்டி, லோவில் போடுங்கள். இந்தப் பெட்டியில் முன் ஆக்ஸில் லிவரைப் போட்டால்தான் லோ விழும். லோவை ஓட்டத்தில் போடக் கூடாது. ஹையில் முன் ஆக்ஸிலைச் சேர்ப்பது மட்டும், கிளட்சை மிதித்து, நேராக மெதுவாக ஓடும்போது செய்யலாம். வளைவில் அகலமாக எடுத்து, முடிந்தவரை மண் பக்கம் டயரை வைத்துத் திரும்புங்கள். ஏறி முடித்ததும் லோவை எடுத்துவிடுங்கள். மழையில் தார் ரோட்டில் இறங்கும்போது ஃபோர் வீல் தேவையில்லை. டூ வீலில் இரண்டாம் கியர் போதும். டீசலில் கம்ப்ரெஷன் அதிகம், அதனால் இன்ஜின் பிடிப்பு அதிகம் என்பது பாதி உண்மைதான். அழுத்திய காற்று திரும்ப பிஸ்டனைத் தள்ளும், பெட்ரோலில் இருப்பதுபோல் காற்றை மூடிப் பிடிக்கும் த்ராட்டிலும் பெரும்பாலான டீசலில் இல்லை. பிடிப்பு வேண்டுமென்றால் இறங்குவதற்கு முன்பே ஒரு கியர் குறைத்துக்கொள்ள வேண்டும். சரளையும் மண்ணுமான இறக்கத்தில் மட்டும் ஃபோர் லோ போட்டால் இன்ஜின் பிடிப்பு நாலு சக்கரத்துக்கும் போகும், பின் சக்கரம் இழுத்துக்கொண்டு வண்டி குறுக்கே திரும்பாது.

பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. டிரான்ஸ்ஃபர் பெட்டிக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் 90 கியர் ஆயில், கியர்பாக்ஸோடு சேர்ந்திருப்பதால் பித்தளை சிங்க்ரோவைத் தின்னாத ஜி.எல். 4 தரம். கியர்பாக்ஸுக்கும் பெட்டிக்கும் நடுவே சீல் தேய்ந்திருந்தால் ஏற்றத்தில் கியர்பாக்ஸ் ஆயில் பெட்டிக்குள் இறங்கிவிடும். ஒன்று வழிந்து இன்னொன்று காய்ந்திருக்கும். அதனால் இரண்டையும் சேர்த்தே பாருங்கள். ஹப் ஃப்ரீயில் மாதக்கணக்கில் கிடந்தால் முட்டிக்குள் கிராஸ் வறண்டு துருவேறும். மழை தொடங்கும் முன், மாதத்துக்கு ஒரு தடவையாவது ஹப்பைப் பூட்டி, லிவர் போடாமல் சில கிலோமீட்டர் ஓட்டுங்கள்.

சட்டம் பற்றி வாசகர் ஒன்றும் எழுதவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் இருக்கும் விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரளத்திலிருந்து வந்த வழக்கில் இதை அழுத்தமாகச் சொன்னது. இன்ஜின் மாற்றுவதற்கு முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும், மாற்றிய பிறகு ஆர்.சி.யில் ஏற வேண்டும். பழைய மாற்றம் ஆர்.சி.யில் ஏறாத வண்டி போடிமெட்டு, குமுளி மாநில எல்லையைத் தாண்டும்போது மட்டுமல்ல, விபத்தானால் இன்சூரன்ஸிலும் மாட்டும். அந்த நிலையில் ஆக்ஸிலும் பெட்டியும் மாற்றிப் புதிய சிக்கலை ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக, அந்தக் கடிதத்தில் இருந்த ஒரு வரியை மட்டும் திருத்தியே ஆக வேண்டும். ஹப்பை ஃப்ரீயில் வைத்தபடியே லோ போட்டு ஏறினால் ஸ்டீயரிங் இலகுவாக இருக்கும் என்று எழுதியிருந்தார். வெறும் வண்டியைக் குறுகிய இடத்தில் திருப்ப அது சரி. ஆள் ஏற்றிய வண்டியில் செய்தால் லோவின் விசை முழுவதும் பின் ஆக்ஸில் இரண்டின் தலையில் விழும். ஏற்றத்தின் நடுவில் ஆக்ஸில் உடைந்தால் பழைய ஜீப்பில் இன்னொரு ஆபத்தும் கூடவே வரும். அவற்றில் ஹேண்ட் பிரேக், டிரான்ஸ்ஃபர் பெட்டியின் பின்பக்கம் ஷாஃப்டைப் பிடிக்கும் டிரம். ஆக்ஸில் உடைந்துவிட்டால் அந்த டிரம் சக்கரத்தைப் பிடிக்காது, வண்டி பின்னால் உருளும். பின் சக்கரம் ஒன்றை ஜாக்கி வைத்துத் தூக்கும்போதும் இதே கதைதான், தூக்கிய சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றிக்கொள்ள, தரையில் இருப்பது உருண்டுவிடும். இப்படிப்பட்ட வண்டியில் ஹப்பைப் பூட்டி, லோவில் போட்டு, முதல் கியரில் இன்ஜினை நிறுத்தி, கீழ்ப்பக்கச் சக்கரம் இரண்டுக்கும் கல் வைத்த பிறகே ஆளை இறக்கி ஜாக்கியைத் தொட வேண்டும். கல் வண்டியிலேயே இருக்கட்டும், இருட்டில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஜீப் பட்டறைக்காரர்கள் சிலர்,
போடிநாயக்கனூர்